கணக்கு மாணவிக்கு ரோபோ ஆய்வகத்தில் என்ன வேலை?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு ரோபோட்டிக்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறேன். மற்ற எல்லோரும் இன்ஜினியரிங். மோட்டார், சென்சார், சர்க்யூட் என்று சரளமாகப் பேசுகிறார்கள். எனக்குத் தேற்றங்களை நிரூபிக்கத்தான் தெரியும். கணிதத்தை ஓரங்கட்டிவிட்டு முழுக்க புரோகிராமிங் பக்கம் போய்விடட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: போகாதீர்கள். அந்த ஆய்வகத்துக்குத் தேவையான ஒன்று உங்கள் கையில்தான் இருக்கிறது.

தோள், முழங்கை என்று இரண்டே மூட்டுகள் உள்ள ஒரு ரோபோ கையை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுகள் சுழலும் வேகத்தையும் கைமுனை நகரும் வேகத்தையும் இணைப்பது ஜேக்கோபியன் அணி. வெறும் 2×2. அதன் அணிக்கோவையை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீளமாக ஆரம்பிக்கும், ஒவ்வொன்றாக அடிபடும், கடைசியில் இரு பகுதிகளின் நீளங்களும் முழங்கைக் கோணத்தின் சைனும் சேர்ந்த பெருக்கல் மட்டும் மிஞ்சும். கை நேராக நீண்டால் கோணம் 0, சைனும் 0. நீங்கள் பள்ளியிலேயே படித்த பூச்சியக் கோவை அணி. நேர்மாறு கிடையாது.

இதற்கு என்ன அர்த்தம்? உங்கள் கையையே மேசைமேல் நேராக நீட்டி, முழங்கையை மெதுவாக மடக்கிப் பாருங்கள். முதல் கணத்தில் விரல்நுனி பக்கவாட்டில்தான் நகரும், உங்களை நோக்கி வராது. தோளைத் திருப்பினாலும் அப்படியே. அந்த நிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது ரோபோவிடம் "நேர்கோட்டில் வா" என்று கட்டளையிட்டால், மூட்டுகளுக்குப் போகும் வேகம் தாறுமாறாக ஏறும், கை உதறும். மோட்டார் பழுது என்று நினைத்து வயரைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும். காரணம் அணிக்கோவையில் இருக்கிறது என்பதைப் பேனாவும் தாளும் வைத்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுப் பக்கமும் இதே கதைதான். நியூரல் நெட்வொர்க் தன் தவறிலிருந்து திருத்திக்கொள்ளும் முறையின் உயிர்நாடி, வகை நுண்கணிதத்தின் சங்கிலி விதி. 1960-ல் கால்மன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட 'வடிகட்டி' என்ற கணக்கீட்டு முறை அப்போலோ விண்கலங்களுக்கு வழிகாட்ட உதவியது. இன்றும் ரோபோக்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்று கணிக்க அதைப் பயன்படுத்துகின்றன. நம் கணிப்பு ஒன்று சொல்கிறது, சென்சார் வேறொன்று சொல்கிறது. எதை எவ்வளவு நம்புவது என்பதை, இரண்டும் எவ்வளவு சிதறும் என்று சொல்லும் மாறுபாட்டளவை (variance) வைத்து அது முடிவு செய்கிறது. நிகழ்தகவில் நீங்கள் பலவீனம் என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அதற்காகப் புரோகிராமிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. பைத்தான் மொழியும், அதில் அணிக் கணக்குகளைப் போட உதவும் NumPy தொகுப்பும் கட்டாயம் வேண்டும். ஆனால் உங்களுக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே தொடங்குங்கள், சீக்கிரம் பிடிபடும். அப்புறம், ஸ்க்ரூடிரைவரைத் தொடத் தயங்காதீர்கள். பற்சக்கரங்களுக்கு இடையிலான சிறு இடைவெளி, உராய்வு, சென்சாரின் இரைச்சல் இதெல்லாம் உங்கள் சமன்பாட்டில் இருக்காது. கூட இருப்பவர்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்களுக்கும் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்த இரண்டு மூட்டுக் கையைக் கணினியில் எழுதி, முழுதாக நீளும் நிலையை நோக்கி முனையைச் சீரான வேகத்தில் நேர்கோட்டில் நகர்த்துங்கள். முழங்கையின் வேகத்தை வரைபடமாகப் போட்டு ஆய்வகத்தில் காட்டுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.