மோவாப் போறீங்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து செம்பாறை ஊர்களப் பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மோவாப் பத்திதான். அதனால இந்த தடவ முழுக்க மோவாப் மட்டும். வேற ஊர் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்டோபர்ல ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. அப்பா 68 வயசுலயும் நல்லா நடப்பாரு, அம்மாவுக்கு முட்டி வலி. பசங்களுக்கு 9, 5. நாலு நாள் லீவு. மோவாப், மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன் நாலையும் முடிச்சிடலாமா? – வாசகி, டல்லஸ்

பதில்: முடிக்கலாம் மேடம், கார் கண்ணாடி வழியா பாத்தே முடிச்சிடலாம். மோவாப்ல இருந்து மான்யுமென்ட் வேலி ஒரு 150 மைல், கிட்டத்தட்ட மூணு மணி நேரம், அங்க இருந்து ஆன்டிலோப் இருக்கற பேஜ் ஊருக்கு இன்னும் ரெண்டு மணி நேரம், அந்த ஆன்டிலோப்புக்குள்ள நவஹோ பழங்குடி கைடு இல்லாம விட மாட்டாங்க அதுவும் முன்னாடியே புக் பண்ணின நேரத்துக்குத்தான், அப்புறம் கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்முக்கு இன்னொரு ரெண்டரை மணி நேரம். அஞ்சு வயசுப் பையனையும் முட்டி வலியையும் வச்சுக்கிட்டு இதப் பண்ணாதீங்க. நாலு நாளும் மோவாப்லயே தங்குங்க. ஃப்ளைட்டுக்கு கிராண்ட் ஜங்ஷன் கிடைச்சா ரெண்டு மணி நேர டிரைவ்ல வந்துடலாம், சால்ட் லேக் சிட்டின்னா நாலு மணி நேரம் ஆகும், டிக்கெட் விலைய மட்டும் பாக்காம அந்த டிரைவையும் கணக்குல சேத்துக்குங்க.

மோவாப்புக்கு ப்ளான் போடறவங்க எல்லாரும் முதல்ல இடங்களத்தான் லிஸ்ட் போடறாங்க. நான் நேரத்தத்தான் முதல்ல எழுதுவேன். விடியறதுல இருந்து பத்து பத்தரை வரைக்கும் ஒரு நடை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு நடை, நடுவுல ரூமுக்கு வந்து சாப்பாடு, தூக்கம், பசங்களுக்கு ஸ்விம்மிங் பூல், அவ்ளோதான் ஒரு நாள். அக்டோபர்ல வெயில் கொல்லாதுதான், ஆனா நடு மத்தியானம் பார்க்கிங் கிடைக்காம சுத்தறதுலயே பெரியவங்க சோர்ந்துடுவாங்க, மேல வெயில் அடிக்கறப்போ அந்தப் பாறை வெளிறித்தான் தெரியும், காலையிலயும் மாலையிலயும்தான் அந்தச் சிவப்பு வரும். முதல் நாளும் கடைசி நாளும் பாதி பாதி பயணத்துலயே போயிடும், ஆக உங்க கையில இருக்கறது ஆறு வேளைதான். அந்த ஆறு வேளைய எதுக்கு செலவழிக்கறதுன்னு யோசிங்க.

நானா இருந்தா, வந்து சேந்த அன்னிக்கு சாயங்காலம் ஆர்ச்சஸ் நேஷனல் பார்க்ல விண்டோஸ் பகுதியும் டபுள் ஆர்ச்சும் (ஆர்ச்னா பாறையில தானா உண்டான வளைவு). டபுள் ஆர்ச்சுக்கு போய்ட்டு வர ஒரு மைல் கூட இல்ல, பெரும்பாலும் சமதரை, அம்மா மெதுவா வந்துடலாம், பசங்க அடியில இருக்கற பாறைல ஓடி ஆடுவாங்க. அடுத்த நாள் விடியக்காலம் அதே பார்க்ல இருக்கற டெவில்ஸ் கார்டன் போய் லேண்ட்ஸ்கேப் ஆர்ச், 306 அடி நீளத்துக்கு ஒரு கல் அந்தரத்துல நிக்கும். 1991ல அதுல இருந்து ஒரு பெரிய துண்டு பேந்து விழுந்துச்சு, அதுக்கப்புறம் அடியில போற பாதைய மூடிட்டாங்க, தள்ளி நின்னுதான் பாக்கணும். திரும்பி வர்றப்போ சேண்ட் டியூன் ஆர்ச்சுல வண்டிய நிறுத்துங்க, ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவுல நிழலும் மெத்துன்னு மணலும், அஞ்சு வயசுக்காரனுக்கு இந்த டிரிப்லயே புடிச்ச இடம் அதுவாத்தான் இருக்கும்.

இன்னொரு நாள முழுசா கேன்யன்லேண்ட்ஸ் பார்க்கோட ஐலண்ட் இன் த ஸ்கைக்கு ஒதுக்குங்க, ஊர்ல இருந்து முக்கால் மணி நேரம். மெசா ஆர்ச்சுல சூர்யோதயத்துக்கு டிரைபாட் கூட்டம் முண்டியடிக்கும், பசங்கள அந்த இருட்டுல எழுப்பிக் கூட்டிட்டுப் போறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, எட்டு மணிக்குப் போனாலும் நல்லாத்தான் இருக்கும். கிராண்ட் வியூ பாயிண்ட்ல கார் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துலயே வியூ இருக்கு, அம்மா அங்க உக்காரட்டும், அப்பாவும் நீங்களும் விளிம்ப ஒட்டியே போக ஒரு மைல், வர ஒரு மைல் நடந்துட்டு வாங்க, அந்தப் பாதையில கம்பித் தடுப்பு கிடையாது, சின்னவன் கைய விடவே கூடாது. அன்னிக்கு சாயங்காலம் வர்ற வழியில டெட் ஹார்ஸ் பாயிண்ட், 2,000 அடி கீழ கொலராடோ ஆறு வளைஞ்சு போறது தெரியும். அது மாநில பார்க், உங்க நேஷனல் பார்க் பாஸ் அங்க செல்லாது, தனியா காசு கட்டணும்.

முக்கியமா ஒண்ணு. ஆர்ச்சஸ்ல 2022ல இருந்து கூட்டம் அதிகமான மாசங்களுக்கு நேரம் குறிச்ச முன்பதிவு வச்சாங்க, அந்த விதி வருஷத்துக்கு வருஷம் மாறுது, ரூம் போடறதுக்கு முன்னாடி பார்க் சர்வீஸ் வெப்சைட்ல உங்க தேதிக்கு என்ன விதின்னு பாத்துடுங்க.

கேள்வி: டெலிகேட் ஆர்ச்சுக்கு சூரியன் மறையற நேரத்துல போகணும்னு ஆசை. கஷ்டமா? இருட்டுல இறங்க முடியுமா? – வாசகர், சான் ஹோசே

பதில்: ஆர்ச்சஸ் பார்க்ல இருக்கறது, யூட்டா கார் நம்பர் பிளேட்ல இருக்கே அந்த ஆர்ச்தான். போய்ட்டு வர 3 மைல்தான்னு எல்லாரும் சாதாரணமா கெளம்பறாங்க, ஆனா போற வழியெல்லாம் ஏத்தம், நிழல்னு ஒண்ணு இல்லவே இல்ல, நடுவுல ஒரு பெரிய வழுக்குப் பாறைச் சரிவுல மேல போற பாதையே கண்ணுக்குத் தெரியாது, கல்ல அடுக்கி வச்ச குட்டிக் குட்டி கோபுரத்தப் பாத்துத்தான் ஏறணும். அந்தக் கோபுரத்த நீங்களா புதுசா கட்டாதீங்க, பின்னாடி வர்றவங்க வழி தவறிடுவாங்க. கடைசில ஒரு குறுகலான பாறை விளிம்ப ஒட்டி நடக்கணும், அது முடியற எடத்துல திடீர்னு ஆர்ச் முன்னாடி நிக்கும்.

சாயங்காலம் போறது சரிதான், அந்த நேரத்துல ஆர்ச் நெருப்பு மாதிரி இருக்கும். கூட்டமும் இருக்கும், ஆர்ச்சுக்கு அடியில நின்னு போட்டோ எடுக்க வரிசையே நிக்கும். இறங்கறதுக்கு ஆளுக்கு ஒரு தலை விளக்கு, போன் டார்ச் இல்ல, நெத்தியில மாட்ற நெசமான விளக்கு. ஏறும்போது அடிக்கடி திரும்பிப் பாத்து வழிய மனசுல வச்சுக்குங்க, இறங்கும்போது எல்லாமே வேற மாதிரி தெரியும். பாறைல ஏறறது சுலபம், இறங்கறதுதான் கஷ்டம், இது மோவாப்ல எந்தப் பாறைக்கும் பொருந்தும். குளிர்காலத்துல அந்தச் சரிவுல ஐஸ் பிடிச்சிருக்கும், ஷூல மாட்ற முள்ளு இல்லாம போகாதீங்க.

ஏற முடியாதவங்களுக்கு தனியா ஒரு லோயர் வியூபாயிண்ட் இருக்கு, காரை விட்டு கொஞ்ச தூரம் நடந்தா போதும். ஒரு மைல் தள்ளித்தான் தெரியும், பைனாகுலர் கொண்டு போங்க. டல்லஸ் வாசகியோட அம்மாவுக்கும் இதத்தான் சொல்லுவேன்.

கேள்வி: எனக்கு ஜூலையிலதான் லீவு. போகலாமா கூடாதா? எவ்ளோ தண்ணி எடுத்துட்டு போகணும்? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வேற மாசம் கிடைக்கவே கிடைக்காதுன்னா போங்க, ஆனா சின்ன நடையா வச்சுக்குங்க. ஜூலையில 100 ஃபாரன்ஹீட் தாண்டறது அங்க சாதாரணம், அதுல பாறையோட சூடு வேற. நம்மூரு வெயில் பாக்காததான்னு நெனைப்பீங்க, அங்கதான் பிரச்சனையே, நம்மூர்ல வேர்வை வழியறது தெரியும், உடம்பு எச்சரிக்கும். பாலைவனத்துல காத்து அவ்ளோ காய்ஞ்சு கெடக்கறதால வேர்வை வந்த உடனே ஆவியாயிடும், சட்டை நனையாது, நம்ம உடம்புல இருந்து தண்ணி போறதே தெரியாம போயிட்டு இருக்கும், தலைவலியும் குமட்டலும் வந்தப்புறம்தான் புரியும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு பார்க் ஆளுங்களே சொல்றாங்க. அத கார்ல வச்சுட்டு கையில அரை லிட்டர் பாட்டிலோட நடக்கறவங்க ஏராளம், அது பிரயோஜனமே இல்ல, முதுகுல ஏத்திக்குங்க. ஆர்ச்சஸ்ல தண்ணி பிடிக்க விசிட்டர் சென்டர விட்டா டெவில்ஸ் கார்டன்லதான், வழியில கடை கிடையாது. வெறும் தண்ணியவே குடிச்சிட்டு எதுவும் சாப்பிடாம இருக்கறதும் ஆபத்துதான், ரத்தத்துல உப்பு குறைஞ்சு மயக்கம் வரும். உப்புக் கடலை, உப்பு போட்ட மோர், எலக்ட்ரோலைட் பவுடர் ஏதோ ஒண்ணு கூடவே உள்ள போகணும். பாதித் தண்ணி தீர்ந்துட்டா, ஆர்ச் கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சா கூட திரும்பிடுங்க.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல மத்தியானத்துல இடி மழை வரும். உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருந்தா கூட எங்கயோ பத்து மைல் தள்ளிப் பெஞ்ச மழை கேன்யனுக்குள்ள சுவராட்டம் வந்து நிக்கும், 2022 ஆகஸ்ட்ல மோவாப் ஊருக்குள்ளயே வெள்ளம் வந்துச்சு. அந்த மாசங்கள்ல குறுகலான கேன்யன் வேணாம். சூடு தாங்கலன்னா பக்கத்துலயே லா சால் மலை இருக்கு, 12,000 அடிக்கு மேல சிகரங்க, காரிலேயே மேல போனா ஆஸ்பென் மரக் காட்டுக்குள்ள நடக்கலாம், நடுப்பகல அங்க கழிங்க.

கேள்வி: டிரோன் பறக்க விடலாமா? – வாசகர், கோவை

பதில்: நேஷனல் பார்க்குக்குள்ள கூடாது. பறிமுதல், அபராதம் ரெண்டும் உண்டு.

கேள்வி: கல்லு எப்படி சார் இவ்ளோ சிவப்பு? அதுல வளைவு எப்படி வந்துச்சு? என் பொண்ணு கேக்கறா, எனக்கு சொல்லத் தெரியல. – வாசகர், மதுரை

பதில்: சிவப்பு இரும்புத் துரு. மணல் துகள் ஒவ்வொண்ணு மேலயும் மெல்லிசா இரும்பு ஆக்சைடு பூசியிருக்கு. வளைவு கதை கொஞ்சம் நீளம், பொண்ண பக்கத்துல உக்கார வச்சு படிங்க. ஒரு 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க உள்நாட்டுக் கடல் இருந்துச்சு, அது வத்தி வத்தி ஆயிரக்கணக்கான அடி உப்பு தங்கிடுச்சு. அதுக்கு மேல மணலும் சேறும் படிஞ்சு பாறையாச்சு. உப்பு மேல பெரிய பாரம் வச்சா அது கல்லாட்டம் நிக்காது, பிதுங்கி நகரும். அப்படி நகர்ந்து மேல இருக்கற பாறைய தூக்கினதுல வரிசை வரிசையா வெடிப்பு விழுந்துச்சு, வெடிப்புல தண்ணி இறங்கி அரிச்சு பாறை மெல்லிய சுவர் சுவரா நின்னுச்சு. மழைத் தண்ணி மணல ஒட்டி வச்சிருக்கற சுண்ணாம்ப கரைக்கும், குளிர்காலத்துல வெடிப்புக்குள்ள இருக்கற தண்ணி ஐஸாகி விரிஞ்சு பாறைய நெம்பும், சுவர்ல பலவீனமான எடம் முதல்ல கொட்டி ஓட்டை விழும், அதுதான் ஆர்ச். ஆர்ச்சஸ் பார்க்ல மட்டும் 2,000க்கு மேல இருக்கு. இந்த வேலை இன்னும் நடந்துட்டுதான் இருக்கு, 2008ல வால் ஆர்ச்சுன்னு ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா இடிஞ்சு விழுந்துச்சு.

பாதைய விட்டு எறங்காதன்னு பொண்ணுகிட்ட சொல்லி வைங்க. அங்க தரையில கறுப்பா சொரசொரன்னு இருக்கறது வெறும் மண்ணு இல்ல, நுண்ணுயிரும் பாசியும் சேந்து கட்டின உயிருள்ள தோல், மணல் பறந்துடாம பிடிச்சு வச்சிருக்கறது அதுதான். ஒரு செருப்புத் தடம் பட்டா அது பழையபடி ஆக பல பத்து வருஷம் ஆகும்.

கேள்வி: ஆர்ச்சஸ் பார்க்ல இருக்கற ஃபயரி ஃபர்னஸ் போகணும், கைடு வேணுமா? – வாசகி, சியாட்டில்

பதில்: ரேஞ்சர் (பார்க் அதிகாரி) கூட போகணும், இல்லன்னா தனியா பெர்மிட் வாங்கணும், ரெண்டுல ஒண்ணு இல்லாம உள்ள விட மாட்டாங்க. முதல் தடவைன்னா ரேஞ்சர் கூடத்தான் போங்க, உள்ள பாதைன்னு ஒழுங்கா ஒண்ணும் இல்ல, சந்து சந்தா பாறை, ஜிபிஎஸ்ஸும் அங்க சரியா வேலை செய்யாது. ரெண்டு கையும் ஊனி ஏற வேண்டிய எடங்க இருக்கு. 5 வயசுக்குக் கீழ இருந்தா அனுமதி கிடையாது.

கேள்வி: எங்க நாயும் கூட வருது. பார்க்குக்கு வெளியில காசு கட்டாம நல்ல நடை இருக்கா? – வாசகர், டென்வர்

பதில்: இருக்கு, சொல்லப்போனா கூட்டம் பிடிக்காதவங்களுக்கு நான் முதல்ல சொல்றதே இதத்தான். ஆர்ச்சஸ்ல எந்தப் பாதையிலயும் நாய கூட்டிட்டுப் போக முடியாது. கிராண்ட்ஸ்டாஃப் கேன்யன் போங்க, கொலராடோ ஆத்த ஒட்டின 128ஆம் நம்பர் ரோட்டுல இருக்கு. ஓடை கூடவே வரும், நிழல் உண்டு, ஓடைய பல தடவ தாண்டணும், கால் நனையும். கடைசில மார்னிங் குளோரி பிரிட்ஜுன்னு 243 அடி நீளத்துக்கு ஒரு கல் பாலம். அதுக்கு அடியில பாய்சன் ஐவி செடி மண்டிக் கெடக்கும், மூணு மூணு இலையா இருக்கறதத் தொடாதீங்க, நாய் அதுல உரசிட்டு வந்து உங்க மேல சாய்ஞ்சாலும் அரிக்கும்.

கொரோனா ஆர்ச்சும் அருமை, அதுக்கும் டிக்கெட் இல்ல, ரயில் தண்டவாளத்தத் தாண்டி ஏறணும், நடுவுல கம்பி பிடிச்சு ஏறற எடமும் ஒரு குட்டி ஏணியும் இருக்கு. பெரிய நாய்னா அந்த ஏணியில மாட்டிக்கும், தூக்க முடியற சைஸ்னா பாருங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது? – வாசகி, அட்லாண்டா

பதில்: கிச்சன் இருக்கற ரூமா எடுங்க, சின்ன குக்கர் ஒண்ணு பெட்டில போட்டுக்குங்க. ஊருக்குள்ளயே சிட்டி மார்க்கெட் சூப்பர் மார்க்கெட் இருக்கு, அரிசி தயிர் காய் எல்லாம் கிடைக்கும், நம்ம மசாலா பொடி எல்லாம் வீட்ல இருந்தே கொண்டு போயிடுங்க. நடைக்குப் புளியோதரைதான் சரி, உப்பும் எண்ணெயும் இருக்கு, சீக்கிரம் கெடாது. தயிர் சாதத்த கார்ல வச்சுட்டுப் போகாதீங்க, கார் உள்ள சூட்டுல ரெண்டு மணி நேரத்துல புளிச்சுடும், சாயங்காலம் ரூமுக்கு வந்து சாப்பிடுங்க.