பூனைக்கு என்ன குறைச்சல்?

கேள்வி: இனாகாகி தோமோ என்ற ஜப்பானிய மர அச்சு ஓவியரைப் பெரிய கலைஞர் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன், எங்கு பார்த்தாலும் பூனை. போரில் எரிந்து சாம்பலான நாட்டில் வாழ்நாள் முழுக்கப் பூனை செதுக்கிக்கொண்டிருந்தவர் எப்படிப் பெரிய கலைஞர்? அதுவும் ஒரே படத்தை நூறு பிரதி போட்டு விற்றால் அது காலண்டர்தானே? தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு படம் விலைக்கு இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டுவிட்டீர்கள். "வாழ்நாள் முழுக்க" என்பதில் தொடங்குவோம், அது தவறு. இனாகாகி 1902-இல் டோக்கியோவில் பிறந்தார், 1980-இல் காலமானார். 1920-களிலேயே மரப்பலகையைக் கையிலெடுத்துவிட்டார். பூனைகள் கூட்டமாக வந்து சேர்ந்தது போருக்குப் பிறகு, அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயதில்.

இனி காலண்டர். காலண்டர் படத்தை வரைந்தவர் அது அச்சாகும் மெஷினைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் இளக்காரமாகச் சொன்ன நூறு பிரதியின் கதை வேறு. வண்ணத்துக்கு ஒரு பலகையாகச் செதுக்க வேண்டும். பலகையில் நீர்வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் தேய்த்துப் பரப்ப வேண்டும். முன்கூட்டியே ஈரப்படுத்திய கையால் செய்த காகிதத்தை, பலகையின் மூலையில் வெட்டிய சிறு பள்ளத்தில் விளிம்பு உட்காரும்படி வைக்க வேண்டும். பிறகு ‘பாரன்’ என்கிற, மூங்கில் மடலால் போர்த்திய வட்டத் தட்டால் காகிதத்தின் முதுகை அழுத்தித் தேய்க்க வேண்டும். அடுத்த வண்ணத்துக்கு அதே காகிதம் அடுத்த பலகையின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். நடுவில் காகிதம் காய்ந்து மயிரிழை சுருங்கினாலும் போயிற்று, பூனையின் கண் பூனையின் முகத்தில் இருக்காது. இத்தனையும் ஒரு தாளுக்கு. தேய்க்கும் கையின் அழுத்தம் தாளுக்குத் தாள் மாறும், வண்ணத்தின் ஆழமும் கூடவே மாறும். இதைப் பிரதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய ஜப்பானில் இதை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஓவியர் வரைவார், செதுக்குபவர் செதுக்குவார், அச்சடிப்பவர் அடிப்பார், பதிப்பாளர் முதல் போட்டு விற்பார். உலகமே கொண்டாடும் ஹிரோஷிகேயின் படங்கள் இப்படி வந்தவைதான். 1904-இல் யமமோட்டோ கனாயே என்ற ஓவியர் ஒரு மீனவரை வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். அதிலிருந்து கிளம்பிய இயக்கத்துக்கு அரசுக் கண்காட்சியில் இடம் கிடைக்க 1927 ஆகிவிட்டது. அதுவரை அங்கேயும் உங்களைப் போல, "இது ஓவியமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த இயக்கத்தின் பெரிய கைகளான ஓன்சி கோஷிரோ, ஹிராட்சுகா உனிச்சி ஆகியோரை ஒட்டி வளர்ந்தவர் இனாகாகி.

பூனைக்கு வருவோம். புலி வரைந்தால் கலை, பூனை வரைந்தால் பொழுதுபோக்கா? 1840-களில் எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த ஜப்பானிய அரசாங்கம் நாடக நடிகர்களையும் கணிகையரையும் அச்சில் போடக் கூடாது என்று தடை போட்டது. குனியோஷி என்ற அச்சு ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? நடிகர்களின் முகச்சாயலைப் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டார். பார்த்தவர்களுக்கு யார் யாரென்று புரிந்தது. பூனை மேல் என்ன வழக்குப் போட முடியும்? 1857-இல் ஹிரோஷிகே செய்த படம் ஒன்றில், கணிகையர் பேட்டையின் அறையொன்றில் வெள்ளைப் பூனை ஜன்னலில் உட்கார்ந்து வயல்வெளியைப் பார்க்கிறது. தொலைவில் திருவிழாக் கூட்டம், அதற்கும் அப்பால் ஃபுஜி மலை. அறைக்குரிய பெண்ணைக் காட்டவே இல்லை. வெளியே போக முடியாதவள் அவள் என்பதைச் சொல்ல ஒரு முதுகு போதுமாக இருந்தது.

இனாகாகியின் பூனை இவற்றுக்கு உறவு, ஆனால் கொஞ்சலுக்கு வராத உறவு. உடம்பைக் கோணங்களாக வெட்டி மடித்துவிடுகிறார். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பூனை என்றால் நமக்கு உடனே பஞ்சு நினைவுக்கு வரும். இவர் படத்தில் அது மடக்குக் கத்தி. மயிரின் மென்மையை மரத்தில் காட்ட முயன்றால் பொய்யாகத்தான் இருக்கும், மரம் அதற்கு ஒத்துழைக்காது. உளிக்கு ஒத்து வருகிற வரியையும் முறைப்பையும் திமிரையும் அவர் எடுத்துக்கொண்டார். பூனை வளர்ப்பவர்களைக் கேளுங்கள், அதுதான் பூனை என்பார்கள்.

போருக்குப் பின் ஓவியர் அழிவைத்தான் வரைய வேண்டும் என்று சட்டமில்லை. அந்தக் காலத்தில் இந்த அச்சுகளை அதிகம் வாங்கியவர்கள் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கர்கள் என்பதும் உண்மை. இதே மர அச்சுக்காரர்களான சைட்டோ கியோஷி 1951-இல் சாவோ பாவ்லோவிலும், முனகாட்டா ஷிகோ 1956-இல் வெனிஸிலும் சர்வதேசக் கண்காட்சிகளில் பரிசு வாங்கிய பிறகுதான் உள்ளூரிலும் நிமிர்ந்து பார்த்தார்கள். இனாகாகியின் பூனைகளில் சில அந்தச் சந்தைக்காகவே செய்ததுபோல் எனக்கும் படுகிறது. அதே பூனை, நிறம் மட்டும் மாறி நிற்கும். எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கூத்தாடச் சொல்லவில்லை.

கடைசியாக, வாங்குவது பற்றி. ஓரத்திலிருக்கும் பென்சில் கையெழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் போடலாம். சட்டத்தைக் கழற்றச் சொல்லிக் காகிதத்தின் முதுகைப் பாருங்கள். பாரன் தேய்த்த தடம் இருக்கும், வண்ணமும் கொஞ்சம் பின்பக்கம் ஊறி வந்திருக்கும். பிறகு முன்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வண்ணம் புள்ளி புள்ளியாக வரிசை கட்டி நின்றால் அது மெஷின் அச்சு, காபி கொடுத்தால் குடித்துவிட்டு, பணத்தை வெளியே எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.