மீட்டர் காட்டியது ஒன்று, ஓட்டுநர் கேட்டது ஒன்று

வெளிநாட்டு டாக்ஸிப் பயணங்களில் ஏற்பட்ட மனத்தாங்கல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்பட்டுள்ளது.

டோக்கியோவில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் நான் கதவைச் சாத்தினேன். ஓட்டுநர் முகம் சுளித்தார். மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னதற்கும் மறுத்துவிட்டார். நான் செய்த தவறு என்ன?
– வாசகி, கோவை

அங்கே பின்பக்கக் கதவைத் திறப்பதும் மூடுவதும் ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தபடியே செய்யும் வேலை. நீங்கள் தொட வேண்டியதில்லை. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் நள்ளிரவு ஒரு மணிக்கு டாக்ஸி ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். மீட்டரில் 24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓட்டுநர் வாங்கியது 42 வெள்ளி. பட்டப்பகல் கொள்ளையல்லவா? ரசீது வாங்கவில்லை. எங்கே புகார் செய்வது?
– வாசகர், திருச்சி

பட்டப்பகலில் ஏறியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. நள்ளிரவு 12 மணி முதல் காலை ஆறு மணிக்குச் சற்று முன்புவரை ஏறுபவர்கள் மீட்டர் தொகையில் பாதியைக் கூடுதலாகத் தர வேண்டும் என்பது அங்குள்ள கட்டண விதி. 24-இல் பாதி 12. சாங்கியில் ஏறுவதற்கான தனிக்கட்டணம் அந்த நேரத்தில் ஏறத்தாழ ஆறு வெள்ளி. மூன்றையும் கூட்டினால் 42. உங்கள் ஓட்டுநர் விதிப்படிதான் வாங்கியிருக்கிறார், அதிகமாக ஒரு காசுகூட வாங்கவில்லை.

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவை என்பதாலும், ஒவ்வொன்றிலும் 'ஏமாற்றிவிட்டார்' என்ற சொல் தவறாமல் இடம்பெறுவதாலும், இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். மீட்டரில் ஓடும் எண் பயணத்தின் தூரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் உரியது. அதன்மேல் நேரம், இடம், சாலை ஆகியவற்றுக்கான கட்டணங்கள் சேரும். வேலை நாளின் காலை நெரிசலில் கால் பங்கு கூடுதல், மாலை நெரிசலிலும் அப்படியே. 1998 முதல் நடப்பில் உள்ள மின்னணுச் சாலைக் கட்டணத்துக்காகச் சாலைக்கு மேலே நிறுத்தப்பட்டிருக்கும் வளைவுகளைக் கடந்தால் அந்தத் தொகையும் உங்களுடையதே. தொடக்கக் கட்டணம்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும். இவற்றையெல்லாம் யாரும் மறைத்து வைக்கவில்லை. கட்டண விவரம் பின்பக்கக் கதவுக் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். விமானச் சீட்டில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக மூன்று நாள் வலைத்தளங்களைத் துழாவுகிறவர்கள், கண்ணெதிரே இருக்கும் அந்தத் தாளை ஒரு நிமிடம் படிப்பதில்லை. படிக்காததோடு நில்லாமல், இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டும் ஒரு முதியவரைத் திருடன் என்று எழுதுகிறார்கள். காலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தால் கால் மணி நேரம் ஒரு காபி குடித்துவிட்டு ஏறுங்கள். பாதி என்பது வேலை நாளில் கால் பங்காகக் குறையும், ஞாயிற்றுக்கிழமையில் அதுவும் இராது. ரசீது வாங்கியிருந்தால் ஒவ்வொரு தொகையும் அதில் தனித்தனியே அச்சாகியிருக்கும், எனக்கு எழுத வேண்டிய தேவையும் இருந்திராது.

துபாய் விமான நிலையத்திலிருந்து கராமாவுக்கு 45 திர்ஹம் ஆயிற்று. அதே வழியில் திரும்பும்போது 25 தான். முதல் ஓட்டுநர் சுற்றி அழைத்துச் சென்றாரா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. விமான நிலையத்தில் ஏறினால் மீட்டர் 25-இல் தொடங்கும். தெருவில் பகலில் ஏறினால் ஐந்தில் தொடங்கும். இடைப்பட்ட இருபதுதான் உங்கள் ஐயம்.

ஹோ சி மின் நகரில் மீட்டர் 85 என்று காட்டியது. நான் 100 டாங் கொடுக்க, ஓட்டுநர் சிரித்துவிட்டு என் பணப்பையிலிருந்து தாமே எடுத்துக்கொண்டார்.
– வாசகி, மதுரை

வியட்நாம் டாக்ஸி மீட்டர்கள் பலவற்றில் கடைசி மூன்று சுழியங்கள் இராது. 85 என்றால் 85,000 டாங். அதுவரை அவர் பக்கம் நியாயம். பணப்பையைப் பிறர் கையில் நீட்டியது மட்டும் பெரும்பிழை. அங்கே 20,000 தாளும் நீலம், 500,000 தாளும் நீலம். ஒன்று மற்றதைப் போல் இருபத்தைந்து மடங்கு. மங்கிய வெளிச்சத்தில் ஊர்க்காரர்களே உற்றுப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 500,000 டாங் தாள்களை வேறு உறையில் வையுங்கள்; தாளைக் கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்; ரசீது கேளுங்கள்.

நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலிருந்து 70 டாலர் நிலைக்கட்டணம் என்று படித்துச் சென்றேன். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குச் செல்ல ஓட்டுநர் மீட்டர் போட்டார். சண்டை போட்டு 70 டாலரையே கொடுத்தேன்.
– வாசகர், சென்னை

அந்தக் கட்டணம் மன்ஹாட்டனுக்கு மட்டுமே உரியது. அங்கும் சுங்கமும் டிப்ஸும் தனி. ஃப்ளஷிங் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பது, அதற்கு மீட்டர்தான் முறை. சண்டை போட்டு அதிகப் பணம் கொடுத்த ஒருவரின் கடிதத்தை முதன்முறையாகப் படிக்கிறேன். ஓட்டுநரும் மறுத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான்.

லண்டனில் உரிம வில்லை ஒட்டிய கார் காலியாக நின்றும் ஏற்ற மறுத்தது. இந்தியர் என்பதாலா?
– வாசகர், ஈரோடு

அது மினிகேப். முன்பதிவு இல்லாமல் தெருவில் ஆள் ஏற்றுவது அதன் ஓட்டுநருக்குக் குற்றம். கைகாட்டி நிறுத்தக்கூடியவை பிளாக் கேப் வண்டிகள் மட்டுமே.

பாங்காக் சுவர்ணபூமியில் மீட்டருக்கு மேல் 50 பாட் கேட்டார்கள், சுங்கச்சாவடியிலும் என்னிடமே வாங்கினார்கள். வரிசைச் சீட்டையும் ஓட்டுநர் கேட்டு வாங்கிக்கொண்டார்.
– வாசகி, சேலம்

முதல் இரண்டும் முறையானவை. சீட்டைக் கொடுத்ததுதான் தவறு. வண்டியின் விவரம் அதில்தான் உள்ளது, புகார் செய்ய உங்களிடம் இருக்கும் ஒரே சான்றும் அதுவே. இறங்கும்வரை அதை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

போன வருடம் வெளிநாட்டில் டாக்ஸியில் கேமராப் பையை விட்டுவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஊர் குறிப்பிடவில்லை

எந்த நாடு, எந்த மாதம், தெருவில் ஏறினீர்களா செயலியில் பதிவு செய்தீர்களா என எதையும் எழுதவில்லை. செயலி என்றால் அதன் பயண வரலாற்றில் வண்டி எண் இருக்கும். அட்டையில் பணம் செலுத்தியிருந்தால் வங்கிக் கணக்கறிக்கையில் நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடும், அதை வைத்து விசாரிக்கலாம். ரொக்கம் கொடுத்து, ரசீதும் வாங்காமல் இறங்கியிருந்தால் தேட வழி குறைவு. அடுத்த கடிதத்தில் நாட்டின் பெயரையாவது எழுதுங்கள்.