காதில் இரைச்சல்: சத்து மாத்திரை வாங்குமுன்

காதுக்குள் இரைச்சல், ரீங்காரம், விசில், சில்வண்டுச் சத்தம் என்று பலவிதமாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில மருத்துவம் எல்லாவற்றையும் டின்னிட்டஸ் என்றே அழைக்கிறது. பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே கேள்விதான்: எந்தச் சத்து மாத்திரை வாங்கலாம்? இரைச்சலை அடக்கும் என்று நம்பும்படி நிரூபிக்கப்பட்ட சத்து மாத்திரை இதுவரை ஒன்றுகூட இல்லை. உடம்பில் ஒரு சத்து உண்மையிலேயே குறைந்திருந்தால் அதை நிரப்புவது வேறு கதை. அதற்கு முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை.

அப்பாவுக்கு 63 வயது. இரண்டு காதிலும் இரண்டு வருடமாகச் சில்வண்டுச் சத்தம். நேரடி விற்பனை செய்யும் அக்கா ஒருவர், கிங்கோ மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் நின்றுவிடும் என்கிறார். அப்பா இதயத்துக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுக்கிறார். கொடுக்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. கிங்கோ என்ற சீன மரத்தின் இலைச் சாறுக்கும் அந்தக் குணம் ஓரளவு இருக்கலாம் என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. மூன்றும் சேர்ந்தால் ஈறு, மூக்கு, வயிறு என்று எங்காவது இரத்தம் கசியும் அபாயம் கூடலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வலிப்பு நோய் உள்ளவர்கள் கிங்கோவைத் தொடவே கூடாது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

இத்தனை அபாயத்துக்கும் ஈடாகப் பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில் 1,121 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு நாளைக்கு மூன்று வேளை 50 மி.கி. கிங்கோ, மறுபாதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, 12 வாரம். முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி கிங்கோ, மெலட்டோனின் (தூக்க ஹார்மோன்), துத்தநாகம் (சிங்க்) உள்ளிட்ட எந்தத் துணை உணவையும் தொடர் இரைச்சலுக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்றே எழுதிவிட்டது.

இன்னொன்று. இணையத்தில் படித்துவிட்டு, "ஆஸ்பிரினால்தான் காது இரைகிறது" என்று அப்பா அதை நிறுத்திவிடப் போகிறார். இரைச்சலைக் கிளப்புவது வலிக்கு அதிக அளவில், கிராம் கணக்கில் விழுங்கும் ஆஸ்பிரின். இதயத்துக்குக் கொடுக்கும் 75 முதல் 100 மி.கி. பொதுவாக அப்படிச் செய்வதில்லை. இதயக் குழாயில் ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் வைத்தவர் அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பினாங்கில் சீனர் கடைகளில் பார்லி, ஃபூசோக் (சோயாப்பால் ஏடு) போட்டு விற்கும் இனிப்புக் கஞ்சியில் மிதக்கும் மஞ்சள் கொட்டையும் கிங்கோதான். ஆனால் மாத்திரை இலையிலிருந்து எடுப்பது, கொட்டை வேறு. வெந்த கொட்டை நாலைந்து சாப்பிடுவதில் பயமில்லை. பச்சையாகவோ கைநிறையவோ தின்றால் வாந்தி, வலிப்பு வரை போகும். குழந்தைகளிடம் கவனம் தேவை.

ஆனால் சாப்பிட்டுக் குணமானவர்கள் இவ்வளவு பேர் எழுதுகிறார்களே? (கிள்ளான் சாலை)

பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. காது இரைச்சல் ஒரே அளவில் இருப்பதில்லை. தூக்கம் கெட்டால், கவலை கூடினால், சளி பிடித்தால் ஏறும், பிறகு தானே இறங்கும். மாத்திரையைத் தேடி ஓடுவது இரைச்சல் உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான். அடுத்த மாதம் அது எப்படியும் கொஞ்சம் தணியும். பெயரை மாத்திரை வாங்கிக்கொள்ளும்.

2016-இல் வெளியான ஒரு கருத்தாய்வு 53 நாடுகளில் 1,788 பேரிடம் கேட்டது. துணை உணவு எடுத்தவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். 19 விழுக்காட்டினருக்குக் குறைந்தது, 10 விழுக்காட்டினருக்குக் கூடியது. விளம்பரத்தில் நாம் பார்ப்பது அந்த 19-ஐ மட்டும்.

சோதித்துப் பார்த்தே தீருவேன் என்பவர்கள், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் இரைச்சலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒரே பொருள், எட்டு வாரம். அந்த நாட்களில் தூக்க நேரத்தையோ மற்ற மருந்துகளையோ மாற்றாதீர்கள். சராசரி இறங்கவில்லை என்றால் அத்தோடு விடுங்கள். "இன்னும் ஆறு மாதம் போகட்டும்" என்பது விற்பவருக்குத்தான் லாபம்.

பிறையில் உள்ள தொழிற்சாலையில் அச்சு இயந்திரப் பகுதியில் 11 வருட வேலை. வயது 36. வீட்டுக்கு வந்ததும் காதில் 'கீ' என்று கேட்கிறது. சிங்க் 50 மி.கி. வாங்கியிருக்கிறேன், சரியா? (பட்டர்வொர்த்)

முதலில் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். '50 மி.கி. சிங்க் குளுக்கோனேட்' என்றிருந்தால் உள்ளே இருக்கும் துத்தநாகம் ஏறக்குறைய 7 மி.கி.தான். 'எலிமெண்டல் சிங்க் 50 மி.கி.' என்றிருந்தால் துத்தநாகம் மட்டுமே 50 மி.கி., அது நாள் உச்சவரம்பான 40 மி.கி.யைத் தாண்டிய அளவு. ஆண்களுக்கு நாள்தோறும் வேண்டியது 11 மி.கி., அதில் பெரும்பகுதி கோழி, இறால், கடலை, பருப்பிலிருந்தே வந்துவிடும். அதிக அளவை மாதக்கணக்கில் எடுத்தால் குடல் செம்பை உறிஞ்சாது. செம்பு குறைந்தால் இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கடைசியில் கால் மரத்துப்போவது வரை போகும். இது மெதுவாக வருவதால் யாரும் சிங்க் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லிகளோடு சேர்த்து விழுங்கினால் அவையும் சரியாக வேலை செய்யாது. காது இரைச்சலுக்கான துத்தநாக ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2016 அறிக்கையும் பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் காணவில்லை.

உங்கள் பிரச்சினை சத்துக் குறைவாகத் தெரியவில்லை, சத்தமாகத் தெரிகிறது. உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் உள்ள நுண்மயிர் அணுக்கள் பேரொலியில் செத்துப்போனால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. வர வேண்டிய சமிக்ஞை குறைந்ததும் மூளை தன் ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்கிறது. அந்தக் 'கீ' அங்கிருந்து வருகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

ஆகவே செய்ய வேண்டியது வேறு. மலேசியாவின் 2019 இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. 88-இல் நாலு மணி நேரம் நிற்பது 85-இல் எட்டு மணி நேரம் நிற்பதற்குச் சமம். வரம்பை மீறும் இடத்தில் காதுப் பாதுகாப்பும் செவித்திறன் பரிசோதனையும் முதலாளியின் பொறுப்பு. உங்கள் ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சத்தத்தால் வந்த பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத் தெரியும். வேலையால் வந்த செவித்திறன் குறைவு என்று உறுதியானால் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தொழில்சார் நோயாகக் கோரலாம்.

காதில் நுரைப்பஞ்சு அடைப்பான் போடுவதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். மெல்லிய குச்சிபோல் இறுக்கி உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, 20 முதல் 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதற்கு அர்த்தமில்லை. தைப்பூசத்தில் உருமி அடிக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் மேளத்துக்கு நடுவே மணிக்கணக்கில் நிற்பவர்களில் அடைப்பான் போட்டவர்களைக் காண்பது அரிது.

நான் சைவம். எட்டு வருடமாக மெட்ஃபோர்மின். காது இரைகிறது, கால் விரலும் மரக்கிறது. நரம்பு மாத்திரை சாப்பிடலாமா? (ஜெலுத்தோங்)

இந்த வாரக் கடிதங்களில் மாத்திரைக்கு நியாயம் இருக்கக்கூடியது உங்களுடையது மட்டும்தான். பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. இட்லி மாவு புளிப்பதாலோ ஸ்பைருலினாவாலோ கிடைக்காது. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோர்மினை நீண்டகாலம் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். வயிற்று அமில மாத்திரையும் கூட எடுத்தால் இன்னும் மோசம்.

ஆனால் மாத்திரை தொடங்குமுன் இரத்தம் எடுங்கள். ஒரு வாரம் விழுங்கிவிட்டுப் போனாலே அளவு ஏறிக் காட்டும், உண்மை நிலை தெரியாமல் போய்விடும். இங்குள்ள ஆய்வகங்கள் பெரும்பாலும் பிகோமோல் கணக்கில் தருகின்றன. சுமார் 150-க்குக் கீழே என்றால் குறைபாடு. அதற்குச் சற்று மேலே என்றால் மருத்துவர் அறிகுறிகளையும் சேர்த்து முடிவு செய்வார். அதே ஊசிக்குத்தில் முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு) எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் காதில் இரைச்சல் தரக்கூடியவை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம்.

குறைவு உறுதியானால் நாளைக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது ஊசி. கால் மரப்பு இருப்பதால் உங்களுக்கு ஊசியில் தொடங்கச் சொல்லலாம். இரைச்சல் குறையுமா? இந்தியாவில் 40 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான சிறிய ஆய்வில், பி12 குறைந்திருந்தவர்களுக்கு வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம் போட்டதில் இரைச்சல் குறைந்தது. 40 பேரை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நரம்புக்காக உங்களுக்கு பி12 எப்படியும் தேவை, காதுக்கும் கிடைத்தால் லாபம்.

'நரம்பு மாத்திரை' என்று கேட்டால் பி1, பி6, பி12 மூன்றும் கலந்ததைக் கொடுத்துவிடுவார்கள். சிலவற்றில் பி6 மட்டும் 100, 200 மி.கி. இருக்கும். அதை மாதக்கணக்கில் எடுத்தால் அந்த பி6 தானே கால் மரப்பைக் கொண்டுவரும். தனி பி12 என்று கேட்டு வாங்குங்கள்.

'30 நாளில் காது இரைச்சலும் செவிடும் நீங்கும்' என்று டிக்டாக்கில் ஒரு மாத்திரை. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? (செந்தூல்)

அந்த வாசகமே போதும். மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது, அந்தப் பட்டியலில் செவிடும் உண்டு. அனுமதி பெற்ற விளம்பரத்தில் 'கேகேஎல்ஐயூ' (KKLIU) என்று தொடங்கும் எண் இருக்கும்.

பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) எழுத்துகளோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும், கூடவே பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண்ணின் இறுதியில் 'என்' (N) எழுத்து இருந்தால் துணை உணவு, 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தட்டி, வரும் பெயரும் தயாரிப்பாளரும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறொரு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பதும் உண்டு. பதிவு என்பது தரத்துக்கும் பாதுகாப்புக்கும்தான். 'காது இரைச்சலுக்குப் பலன் நிரூபணமானது' என்று அதற்குப் பொருளில்லை.

நேற்றுக் காலை எழுந்தபோது இடது காது அடைத்துவிட்டது, பெரிய இரைச்சல். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றவா? (ஆயர் ஈத்தாம்)

எதையும் ஊற்றாதீர்கள். இன்றே அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டை நிபுணரிடமோ போங்கள். திடீரென்று ஒரு காதில் கேட்கும் திறன் போவது வெறும் குறும்பியாகவும் இருக்கலாம், நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். நரம்பாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். சத்தம் நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அடைத்த காதில் கேட்டால் குறும்பியாக இருக்கலாம். இதை மருத்துவரிடம் சொல்லத்தான், இதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இதயத் துடிப்போடு சேர்ந்து 'டக் டக்' என்று கேட்கும் இரைச்சலும், ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலும் இவ்வளவு அவசரமில்லை. ஆனால் அவற்றையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இரவில்தான் தொல்லை. மெலட்டோனின் கம்மி மிட்டாய் வாங்கலாமா? (கெப்போங்)

மெலட்டோனின் இங்கே துணை உணவாகப் பதிவாவதில்லை. இணையத்தில் வரும் மிட்டாய்க்குள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. தூக்கம் பெரிய சிக்கல் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதைவிட, அறையில் முழு அமைதி வேண்டாம். மின்விசிறி, மழைச் சத்தம், குறைந்த ஒலியில் வானொலி என்று ஏதாவது ஓடட்டும். அளவை இரைச்சலுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள், முழுதாக மூழ்கடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். காதில் செருகாமல் ஒலிபெருக்கியில் கேளுங்கள். செவித்திறனும் குறைந்திருந்தால் காதுக்கருவி பலருக்கு இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. மனம் அதிலேயே உழன்றால், சிபிடி எனப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை தொல்லையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மாத்திரைக்கு மாதாமாதம் கொடுக்கும் பணத்தை ஒரு முறை ஆடியோலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணர்) கொடுங்கள்.

காப்பி-ஓவை விட்டுவிட வேண்டுமா? (தாமான் துன்)

தேவையில்லை. காஃபீனை நிறுத்திப் பார்த்த ஆய்வில் இரைச்சல் குறையவில்லை, திடீரென நிறுத்தியதால் தலைவலிதான் வந்தது. தூக்கம் கெடுகிறது என்றால் மாலைக் கோப்பையை மட்டும் விடுங்கள். தலைச்சுற்றலும் காது அடைப்பும் விட்டுவிட்டு வரும் மெனியர் நோய் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அவர்கள் காப்பியைவிட கருவாட்டையும் ஊறுகாயையும்தான் கவனிக்க வேண்டும்.