கடலட்டைக்கு இறங்கின பிறகு தலைசுற்று, காதிரைச்சல்

தம்பி, முல்லைத்தீவில சிலிண்டரோட கடலட்டை பிடிக்க இறங்கின உங்கட அண்ணாவுக்கு நேற்றையில இருந்து தலைசுற்று, ஒரு காதில இரைச்சல், காது கேக்கிறதும் குறைவு எண்டு எழுதியிருக்கிறீங்கள். காதடைப்பு எண்டு நினைச்சு எண்ணெய் விடாதேங்கோ. இது உட்காதுப் பழுதாக இருக்கலாம்.

எப்ப தொடங்கினது எண்டு முதல் கேளுங்கோ. இறங்கேக்க காது நொந்து, மூக்கைப் பொத்திப் பலமா ஊதின நேரமெண்டால் அமுக்கத்தால உட்காதில வந்த காயமாக இருக்கலாம். நோவில்லாமல், மேலே வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினதெண்டால் மேலே வரேக்க உடம்புக்குள்ள உண்டாகிற வாயுக் குமிழியைத்தான் கூடச் சந்தேகிக்கவேணும். குமிழிக்கு உடனே ஒட்சிசன், பிறகு அமுக்க அறை (காற்றமுக்கத்தைக் கூட்டி வைத்தியம் செய்யிற அறை). காயத்துக்கோ அந்த அறை கேட்டைக் கூட்டலாம். காயமெண்டால் தலையை உயர்த்திப் படுக்கவேணும், முக்கக்கூடாது, வாயைத் திறந்து தும்மவேணும். ஸ்டீரொய்ட் (வீக்கத்தைக் குறைக்கிற மருந்து) தேவையோ எண்டு வைத்தியர் சொல்லுவார், அது பிந்தினால் பலன் குறையும்.

வாயை மூடி “ம்ம்” எண்டு முனகச் சொல்லுங்கோ. சத்தம் நல்ல காதுப்பக்கம் கூடக் கேட்டால் பழுது உட்காதில எண்ட சந்தேகம் பலக்கும். எப்பிடிக் கேட்டாலும் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. காது மூக்கு தொண்டைப் பிரிவு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில இருக்கு. எத்தனை பாகம் (கடலாழ அளவு) ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை சிலிண்டர் எண்டதைத் துண்டில எழுதிக் குடுங்கோ. வைத்தியர் சொல்லும்வரை அண்ணாவைக் கடலுக்கு விடாதேங்கோ.