ஏரிக்குள் போகும் கிறிஸ்துமஸ் மரம்

அன்புள்ள அண்ணா,

அட்லாண்டாவுக்கு வடக்கே, லேனியர் ஏரிப் பக்கம் இருக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு பாஸ் மீன் பிடிப்பதில் பைத்தியம். ஜனவரி பிறந்ததும் தெருவில் கிடக்கும் கிறிஸ்துமஸ் மரங்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போய்விடுகிறார். மீனுக்கு வீடு கட்டுகிறாராம். சில வார அலங்காரத்துக்கு ஒரு மரத்தை வெட்டிவிட்டு, அதை ஏரியில் தள்ளி, 'குப்பையில்லாத பண்டிகை' என்று பெருமை வேறு. பிடிக்கிற மீனையும் தின்பதில்லை. வாயைக் குத்தி, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார். இரண்டுமே எனக்கு வேஷமாகத் தெரிகிறது. என் 12 வயது மகன் அவரோடு போகவேண்டும் என்று நச்சரிக்கிறான். விடலாமா? நம் பண்டிகைகளில் குப்பையைக் குறைக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ச., ஜார்ஜியா

அன்புள்ள ச.,

படித்ததும் சிரித்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன் இதே சந்தேகத்தோடு நானும் அந்த ஏரியில் ஒரு படகில் ஏறினேன்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாஸ் என்றதும் நம்மவர்கள் கொடுவா என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொடுவாவை ஆங்கிலத்தில் ஸீ பாஸ் என்பதால் வந்த குழப்பம். இது வேறு, நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். குணத்தில் நம் விராலுக்குத்தான் பக்கம். மறைவில் அசையாமல் நிற்கும். இரை கிட்டே வந்ததும் சட்டென்று வாயைத் திறக்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். விரால் போலவே குஞ்சுகளுக்குக் காவலும் இருக்கும். காவல் வேலை ஆண் மீனுக்கு.

மறைவு என்றேன் இல்லையா, அங்கேதான் மரம் வருகிறது. லேனியர் இயற்கையான ஏரி இல்லை. 1950களில் சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபோர்ட் அணையைக் கட்டியதால் தேங்கிய நீர். இப்படிப்பட்ட நீர்த்தேக்கங்களில் தண்ணீருக்குள் மூழ்கிய பழைய மரங்கள் வருடத்துக்கு வருடம் மக்கிக் குறைந்துகொண்டே போகும். கரையில் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் செடிகொடி நிற்காது. கடைசியில் அடியில் மிஞ்சுவது வெறும் செம்மண். ஒளிய இடமில்லாத குஞ்சு மீன் எத்தனை நாள் தாங்கும்? கிறிஸ்துமஸ் மரமாக விற்கிற ஒரு ஃபர் மரத்தை உள்ளே இறக்கினால் அதன் குச்சிகளில் பாசி படிகிறது, பாசியைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சின்ன மீன், சின்ன மீனுக்கு பாஸ். சில வருடங்களில் நுண்ணிய கிளைகள் உதிர்ந்து மரம் மொட்டையாகிவிடும். அதனால்தான் வருடா வருடம் புது மரம் போடுகிறார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பு மீனவர்களும் கண்டல் கிளைகளைக் கூட்டமாக நட்டு, மீன் சேரக் காத்திருந்து, வளைத்துப் பிடிப்பார்கள். கணக்கு ஒன்றுதான், அது பிழைப்பு, இது விளையாட்டு.

நான் போன அன்று நல்ல குளிர். ஏரியை நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் படையிடம் முறைப்படி அனுமதி வாங்கி மரம் இறக்கும் ஒரு சங்கத்தோடு போயிருந்தேன். (அனுமதியில்லாமல் யாரும் தன் இஷ்டத்துக்கு மரம் தள்ளக்கூடாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.) படகுத்துறையில் மரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. முதல் வேலை ஜிகினா பொறுக்குவது. ஒவ்வொரு கிளையாக விலக்கி வெள்ளி இழை, சீரியல் லைட் ஒயர், பந்து மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். செயற்கைப் பனி தெளித்த மரமாக இருந்தால் அப்படியே ஒதுக்கிவிடுவார்கள். பிறகு அடிமரத்தில் துளை போட்டு, கட்டுக்கம்பி கோத்து, ஹாலோ பிளாக் கல்லில் கட்டி, படகில் ஏற்றி, குறித்த இடத்தில் இறக்குவது.

நான் கட்டிய முதல் மரம் மிதந்தது. கம்பி நழுவிக் கல் மட்டும் அடிக்குப் போய்விட்டது, மரம் ஒய்யாரமாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. படகைத் திருப்பி அதைத் துரத்திப் பிடித்த பெரியவர், "நீ கல்லுக்குத்தான் வீடு கட்டியிருக்கிறாய்" என்றார். அன்று முழுக்க எனக்கு ஜிகினா பொறுக்கும் வேலைதான்.

சரி, மரத்தை வெட்டலாமா என்பது உங்கள் கேள்வி. அந்த மரங்கள் காட்டில் வெட்டியவை அல்ல. பெரும்பாலும் வட கரோலினா மலைப்பண்ணைகளில் பயிராக வளர்த்த ஃபிரேசர் ஃபர். கரும்பை வெட்டுவது மாதிரிதான். ஆள் உயரம் தாண்ட 10 வருடத்துக்கு மேல் ஆகும் என்பது மட்டும் வித்தியாசம். வெட்டிய பின் அது எங்கே போகிறது என்பதுதான் விஷயம். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் ஒரு கணக்கு போட்டது. 2 மீட்டர் மரம் குப்பைமேட்டில் காற்றில்லாமல் மக்கி மீத்தேன் விட்டால் சுமார் 16 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதையே தூளாக்கித் தோட்டத்தில் போட்டால் சுமார் 3.5 கிலோ. அதே உயரப் பிளாஸ்டிக் மரம் சுமார் 40 கிலோ. பிளாஸ்டிக் மரம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் தூக்கிப் போடாதீர்கள், கிழியும் வரை மாட்டுங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

அப்புறம் அந்த 'பிடித்து விடுகிற' விவகாரம். பிடித்ததைக் குழம்பு வைக்காமல் திரும்ப விடுவது எனக்கும் முதலில் அபத்தமாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. ரே ஸ்காட் என்று அலபாமாவில் ஒரு இன்ஷூரன்ஸ் விற்பனையாளர். 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரை வைத்துப் போட்டி நடத்தினார். மறுவருடம் பாஸ் சங்கம் தொடங்கினார். போட்டி என்றால் செத்த மீன் சரம் சரமாகத் தொங்கிய காலம் அது. 1972இல் அவர்தான் 'பிடித்ததைக் கொல்லாதே' என்று பிரசாரத்தில் இறங்கினார். படகிலேயே காற்று ஓடும் தொட்டியில் மீனை உயிரோடு வைத்திருந்து, எடை போட்டு, திரும்ப விடுவது அப்படித்தான் வழக்கமானது.

கருணை என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரமும் பிடிக்க மீன் வேண்டுமே! குறையும் நிறைய. கோடையில் வெந்நீராகக் கிடக்கும் ஏரியில் நாள் முழுக்கத் தொட்டியில் அலைக்கழிந்த மீன், நீந்திப் போவது போலப் போய் இரண்டு நாளில் செத்து மிதப்பதுண்டு. முட்டைக்காலத்தில் காவல் இருக்கும் ஆண் மீனைத் தூக்கினால் அது திரும்பி வருவதற்குள் புளூகில் என்ற சின்ன மீன் கூட்டம் கூட்டை மேய்ந்துவிடும். மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பின் சில போட்டிகளில் பிடித்த உடனே படகிலேயே எடை போட்டு அங்கேயே விடுகிறார்கள். அது கொஞ்சம் நியாயம்.

எல்லா ஊரிலும் இது புண்ணியமும் இல்லை. 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் வெகுகாலம் உலக சாதனை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். ஆனால் ஜப்பானுக்கு பாஸ் வந்தேறி, நாட்டு மீனைத் தின்று தீர்க்கிற மீன். பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதுதான் தவறு.

வேஷம் என்று நீங்கள் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, ஆனால் அது மரத்தில் இல்லை, புழுவில் இருக்கிறது. 1949இல் ஒஹையோவின் ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் அடுப்பில் வினைல் காய்ச்சி, தூண்டிலில் மாட்ட ரப்பர் மாதிரிப் புழு வார்த்தார். இன்று இந்த விளையாட்டே அதன் மேல்தான் நிற்கிறது. இரண்டு மீன் கடித்தால் கிழிந்துவிடும். கிழிந்ததைப் பலர் அப்படியே தண்ணீரில் வீசுகிறார்கள். பிளாஸ்டிக் மரமும் இந்தப் புழுவும் அடிப்படையில் ஒரே பிவிசி. ஜனவரியில் மரத்திலிருந்து ஜிகினாவைப் பொறுக்கிய அதே கை ஏப்ரலில் புழுவை வீசுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "மறந்துவிட்டேன்" என்பார்கள்.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். 1950இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில், ரீல், இரை எதை விற்றாலும் அதில் மத்திய வரி உண்டு. அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளத்துக்கே போகிறது. இவர்களின் பொழுதுபோக்குக்கு இவர்களே மொய் எழுதுகிறார்கள்.

நம் பண்டிகைக்கு வருகிறேன். அங்கே மரம் இறக்குகிற அதே வாரங்களில்தான் நமக்குப் போகியும் பொங்கலும். எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கு ஒரு வருடம் கூடுதல் காசு கொடுத்து 'மக்கும் தட்டு' வாங்கினோம். விழா முடிந்ததும் எல்லாம் கறுப்புப் பையில், பை குப்பை லாரியில், லாரி குப்பைமேட்டுக்கு. மக்கவைக்க ஆள் இல்லாத ஊரில் மக்கும் தட்டுக்கு என்ன மரியாதை? மறுவருடம் ஆளைத் தேடிவிட்டுத்தான் சாமான் வாங்கினோம். கோழி வளர்க்கும் ஒருவர் காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் வாளியில் கொண்டுபோகிறார். தட்டு, அவரவர் வீட்டு எவர்சில்வர். பாதிப் பேர் மறந்துவிட்டு வருகிறார்கள், அவர்களுக்குச் சங்கத்தில் பத்துப் பதினைந்து தட்டு உபரியாக இருக்கிறது. கழுவுவது யார் என்பதில் வருடா வருடம் சண்டை. ஏரிக்கரையிலும் இதே சமாசாரம்தான்: மரத்துக்காகக் காத்திருக்கிற பாஸ்காரன் இருப்பதால் மரம் குப்பையாகவில்லை.

மகனைத் தாராளமாக அனுப்புங்கள். 16 வயதுக்குள் என்பதால் ஜார்ஜியாவில் அவனுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்லுங்கள், கழற்றும்போது மீனின் வாய் அவ்வளவாகக் கிழியாது. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும், இல்லையென்றால் அதன் வழவழப்பு நம் கையோடு வந்துவிடும். சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா கொடுத்துவிடுங்கள், கிழிந்த புழுவையெல்லாம் போட்டுக்கொண்டு வர. வீடு திரும்பியதும் எண்ணிப் பாருங்கள்.

ஜனவரியில் மரம் இறக்கப் போனால் கையுறையும் வேண்டும். ஃபிரேசர் ஃபர் இலை அவ்வளவாகக் குத்தாது. அந்தக் கட்டுக்கம்பி குத்தும்.