அம்மாவுடன் சிறு கப்பலில்: முதலில் பார்க்க வேண்டியது படிக்கட்டு

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "சென்ற ஆண்டு குடும்பத்தோடு பெரிய சொகுசுக் கப்பலில் மூன்று இரவுகள் போய் வந்தோம். 72 வயதான என் அம்மாவுக்குக் கூட்டமும் இரைச்சலும் ஒத்துவரவில்லை. கடலைப் பார்க்கவே முடியவில்லை என்று வருந்தினார். வரும் டிசம்பர் விடுமுறையில், 150 பேர் மட்டுமே செல்லும் சிறு கப்பல் ஒன்றில் மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, புக்கெட் வரை செல்ல நினைக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. முட்டைகூடச் சேர்க்காத சைவர். சிறு கப்பல் அதிகம் ஆடுமா? அவரை அழைத்துச் செல்லலாமா?"

உங்கள் அம்மாவின் வருத்தம் நியாயமானது. நாலாயிரம் பேர் பயணம் செய்யும் கப்பல் ஒரு மிதக்கும் கடைத்தொகுதியைப் போன்றது. அங்கே கடல் பெரும்பாலும் கண்ணாடிக்கு அப்பால்தான் இருக்கும். சிறு கப்பலில் மேல்தளம் நீர்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் அலையின் ஓசை காதில் விழும், உப்புக்காற்று முகத்தில் படும், இரண்டாம் நாளிலேயே பணியாளர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர் தேடுவது அதுதான் என்றால் உங்கள் எண்ணம் சரியே.

ஆட்டத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் பார்ப்போம். 300 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒரே நேரத்தில் பல அலைகளின்மேல் படிந்து நிற்கும். 100 மீட்டர் கப்பலோ அதே அலைகளில் ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்கச் சில கப்பல்களின் அடிப்பகுதியில் துடுப்பு போன்ற அமைப்புகள் உண்டு. ஆனால் கப்பல் வேகமாகச் செல்லும்போதுதான் அவற்றால் நல்ல பயன் கிடைக்கும், நங்கூரமிட்டு நிற்கும் இரவில் பெரும்பாலும் அவை உதவா. எனவே சிறு கப்பல் கூடுதலாக ஆடும் என்பது உண்மை. ஆயினும் எவ்வளவு ஆடும் என்பதைக் கப்பலைவிடக் கடலும் மாதமுமே தீர்மானிக்கின்றன. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்குவதால், அம்மாதத்தில் மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள தியோமான் தீவுப் பக்கம் செல்லும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் சொல்லும் பாதையோ மலாயாத் தீபகற்பத்தின் மறைவில் அமைந்தது. நீரிணையின் மறுகரையில் சுமத்ராவும் அரணாக நிற்கிறது. ஜூன் விடுமுறை என்றால் நிலைமை தலைகீழாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை தாய்லாந்து, புக்கெட்டுக்கு வடமேற்கே உள்ள தன் சிமிலான் தீவுகளையே பயணிகளுக்கு மூடி வைக்கிறது. ஆகவே நீங்கள் தேர்ந்த மாதமும் பாதையும் பொருந்துகின்றன. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள்; ஆட்டம் மிகக் குறைவாக உணரப்படுவது அங்கேதான். குமட்டலுக்கான மாத்திரைகள் முதியவர்களுக்கு மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடும் என்பதால், அவர் உட்கொள்ளும் மற்ற மருந்துகளின் பட்டியலோடு மருத்துவரைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது அலையன்று, முழங்கால். சிறு கப்பல்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. உணவுக்கூடத்துக்கும் மேல்தளத்துக்கும் ஒரு நாளில் பலமுறை செங்குத்தான படிகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். கடல்நீர் உள்ளே புகாதிருக்க வெளிக்கதவுகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கும் மேல் வாசற்படி வைத்திருப்பார்கள். முதியவர்கள் அங்கே எளிதில் இடறி விழக்கூடும். எல்லாவற்றிலும் கடினமானது தீவுகளில் இறங்கும் நேரம். கப்பல் தொலைவில் நங்கூரமிட, பக்கவாட்டில் தொங்கும் ஏணிப்படியில் இறங்கிச் சிறு படகுக்கு மாற வேண்டும். சில கடற்கரைகளில் படகிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் குதித்துத்தான் கரையேற முடியும். விளம்பரப் படங்களில் அந்தப் படகு அசையாமல் நிற்கும். நேரில் அது மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், பணியாளர் சொல்லும் நொடியில் தயங்காமல் காலை எடுத்து வைக்க வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைச் சாங்கி முனைப் படகுத்துறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும் பம்போட் என்ற சிறு மோட்டார்ப் படகில் ஏறிப் புலாவ் உபின் தீவுக்குப் போய் வாருங்கள். பயணம் பத்து, பதினைந்து நிமிடம்தான். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் எதைப் பிடிக்கிறார், எத்தனை பேர் தாங்க வேண்டியிருக்கிறது, மறுநாள் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதியவர்களோடு வரும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்பணம் கட்டுமுன் நான் சொல்லும் சோதனை இது. ஒருவர் கைகொடுத்து அவர் ஏறிவிட்டால் தீவுப் பயணத்தைத் துணிந்து பதிவு செய்யலாம். இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தால், பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறை, புக்கெட்டின் ஆழ்கடல் துறைமுகம் போலக் கப்பல் கரையோடு அணையக்கூடிய இடங்கள் மிகுந்த பயணத்தைத் தேடுங்கள். எந்தெந்த நாளில் கப்பல் துறையில் அணையும், எந்தெந்த நாளில் நங்கூரமிடும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. ஆபத்து நேரப் பயிற்சியின்போதும் மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது என்பதால், அவரது முழங்கால் நிலையைக் கப்பலில் ஏறிய உடனேயே பணியாளர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.

கப்பலில் மருத்துவர் இருப்பாரா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேற்பட்ட அனைத்துலகப் பயணத்தில் 100 பேருக்குக் குறையாமல் ஏற்றிச் செல்லும் கப்பலில் தகுதிபெற்ற மருத்துவர் இருக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்பாட்டின் விதி. அதைவிடச் சிறிய கப்பலில் முதலுதவிப் பயிற்சி பெற்ற பணியாளர் மட்டுமே இருக்கக்கூடும். 150 பயணிகள் செல்லும் கப்பலைத் தேர்ந்திருப்பது உங்களுக்கு நல்லதாகவே அமைந்திருக்கிறது; விலை குறைவு என்று 40 பேர் செல்லும் கப்பலுக்கு மாறிவிடாதீர்கள். பயணக் காப்புறுதி, ஏற்கெனவே உள்ள நோய்களையும் கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் உள்ளடக்கியதாக இருக்கட்டும்.

உணவைப் பொறுத்தவரை, சிறு கப்பலில் சமையலறை ஒன்றுதான். பொருள்கள் புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்றப்பட்டுவிடும். எனவே பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். "சைவம்" என்று மட்டும் எழுதினால் இந்த வட்டாரத்தில் மீன் சாறும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் சிப்பிச் சாறும் காய்கறியோடு வந்து சேரும்; முட்டை உட்பட ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். தனிப் பாத்திரத்தில் சமைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அது அவருக்கு மனத்தடை என்றால் இப்போதே பேசி முடிவெடுங்கள். பொடியும் ஊறுகாயும் எடுத்துச் செல்லலாம். தீ ஆபத்து கருதிச் சோறு வடிக்கும் மின்பானையை அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள்.

படகில் ஏற முடியாமல் போனாலும் அவருக்கு இழப்பு அதிகம் இராது. பினாங்கிலிருந்து வடக்கே போகும்போது வலப்பக்கத் தளத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வானம் தெளிந்திருந்தால் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். பழைய மாலுமிகள் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, அடையாளம் கண்டது அந்த மலையை வைத்துத்தான், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இந்தக் கரைக்குத்தான். கப்பல் அந்த இடத்தைப் பகலில் கடக்குமா என்பதையும் முகவரிடம் கேட்டு வையுங்கள்.